மேஸ்திரியின் ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டு ஏசியை யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டது நான்தான். மீறுவதற்கும் வீட்டில் பெரிய கூட்டம் கிடையாது. நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். அவர் ஒரு கல்லுளிமங்கன். எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார். ஆட்டியது சரி என்றா, முடியாது என்றா என்று கண்டுபிடிக்க இத்தனை வருடக் குடித்தனம் எனக்குப் போதவில்லை.

இருப்பது ஒரே ஒரு ஏசி. அது மகளுடைய அறையில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது "அந்த ரூமை இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என்ன பண்ணுவது? அது அவள் அறை. அவள் இல்லை என்பதற்காக அறை வேறு யாருடையதாகவோ ஆகிவிடுமா?

காய்ச்சல் என்று படுத்தாள். எல்லோருக்கும் வருகிற காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். எப்போது பார்த்தாலும் "வெந்து போறேன்" என்று ஏசிக்கு நேர் கீழே போய் நிற்கிற பெண், அன்றைக்குப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "அதை நிறுத்தும்மா, குளிருது" என்றாள். நிறுத்தினேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். திரும்பி வரும்போது நாங்கள் இரண்டு பேர்தான் வந்தோம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அவளுடைய கைப்பை இன்னும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, அலுவலக அடையாள அட்டையோடு.

வீட்டில் அவளுக்குப் பெயர் மேஸ்திரி. வைத்தது அவள் அப்பா. பேச்சு வந்த நாளிலிருந்து யாரையாவது வேலை வாங்கிக்கொண்டே இருப்பாள். "அம்மா, அந்த டப்பாவை மூடு. அப்பா, செருப்பை ஜோடியா விடு. யாரு ஃபேனை நிறுத்தாம வந்தது?" என்று விடிந்ததிலிருந்து ஒரே அதிகாரம். அவள் அப்பா பஸ் டிப்போவில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர். அங்கே அவர் ஒரு குரல் கொடுத்தால் ஆட்கள் ஓடி வருவார்கள். இங்கே இவள் ஒரு குரல் கொடுத்தால் அவர் ஓடி வருவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏசியின் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவது அவள் தானாக எடுத்துக்கொண்ட வேலை. யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செய்திருக்கவும் மாட்டாள். மர ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி நிற்பாள். அவர் கீழே உட்கார்ந்து ஸ்டூலின் கால்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "சித்தாள், ஒழுங்கா பிடி. மேஸ்திரி விழுந்தா வேலை நின்னுடும்" என்று மேலிருந்து உத்தரவு வரும். "சரிங்க மேஸ்திரி" என்பார் அவர். வாய் திறக்காத மனிதர் வாரத்தில் ஒரு தரம் வாய் நிறையப் பேசுவது அப்போதுதான்.

ஒருநாள் அந்த ஃபில்டரை, சாம்பல் நிறத் தூசி ஒட்டியிருந்த அந்த வலையை, அப்படியே சமையலறைக்குத் தூக்கி வந்துவிட்டாள்.

"அம்மா, இதைப் பாரேன்."

"சீ, அதை ஏன் அடுப்புக்கிட்ட கொண்டு வர்றே? தூசி எல்லாம் கொட்டுது."

"தூசின்னு நெனச்சியா? இது நாமதான். முடி, தோலு, போர்வை நூலு, எல்லாம் உதிர்ந்து உதிர்ந்து இங்க வந்து சேருது. அப்பா தலையில பாதி இங்கதான் இருக்கு."

அவர் பின்னாலேயே வந்து வழுக்கையைத் தடவிக்கொண்டு, "அப்ப கழுவாம குடு, திருப்பி ஒட்டிக்கறேன்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே கரண்டியால் அவளை விரட்டினேன். வெயில் காலத்தில் நாங்கள் மூவரும் அந்த அறையில்தான் படுப்போம், அவள் கட்டிலிலும் நாங்கள் இருவரும் தரையில் பாய் போட்டும். அதனால் அந்த வலையில் மூன்று பேருடையதும் இருக்கும் என்பது அவள் கணக்கு.

அவள் போய், வந்த உறவெல்லாம் கிளம்பிப் போன பிறகு, துடைப்பத்தோடு அந்த அறைக்குள் போனேன். பெருக்குவதற்காக நிமிர்ந்தபோது ஏசி கண்ணில் பட்டது. அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. கடைசியாக அவள் அதைக் கழுவி மாட்டிய பிறகு, அதற்குக் கீழேதான் படுத்திருந்தாள், எழுந்து தலை சீவினாள், காய்ச்சலில் புரண்டாள். அவள் உடம்பிலிருந்து உதிர்ந்தது இந்த உலகத்தில் எங்கேயாவது மிச்சம் இருக்கிறது என்றால் அது அந்த வலையில்தான். கையில் இருந்த துடைப்பத்தை அப்படியே வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டேன். கழற்றிப் பார்க்கவும் பயம். தொட்டால் உதிர்ந்துவிட்டால் என்ன செய்வது? "ஏசிப் பக்கம் யாரும் போகக்கூடாது. சர்வீஸ், கிர்வீஸ்னு ஒருத்தனும் வரக்கூடாது" என்று அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

ஆனால் நான் அதைப் போடாமல் இருக்கவில்லை. மத்தியானம் அவர் டிப்போவில் இருக்கும்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். ஏசியைப் போட்டதும் முதலில் வருகிற காற்றில் ஒரு வாசனை வரும். அவள் தலைக்குப் போடுகிற ஷாம்பு, கைக்குத் தடவுகிற க்ரீம், மூடிக் கிடந்த துணி, எல்லாம் கலந்த வாசனை. கொஞ்ச நேரம்தான் இருக்கும். பிறகு வெறும் குளிர்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் காலையிலிருந்து உயிரைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். வெளியே தெரிந்தால் மூளை பிசகிவிட்டது என்பார்கள். பிசகினால் பிசகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் என்னால் அந்த வீட்டில் இருக்க முடியாது. ஸ்டூல் இழுபடுகிற சத்தம் கேட்காத ஞாயிறு என்ன ஞாயிறு? பையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கக் கிளம்பிவிடுவேன். இரண்டு பேர் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்கு வாங்குகிற அளவு வாங்கிக்கொண்டு வருவேன். கூட வாருங்கள், பையையாவது தூக்குங்கள் என்றால், "நீ போயிட்டு வா" என்பார். இந்த மனிதரால் எப்படி அந்த நேரத்தில் அந்த வீட்டில் பேப்பர் விரித்துக்கொண்டு உட்கார முடிகிறது என்று போகிற வழி முழுக்க மனதுக்குள் திட்டுவேன். அவர் அந்த அறைக் கதவைத் திறந்து நான் பார்த்ததில்லை. என் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. ஒருநாள் தாங்க முடியாமல், "உங்களுக்கென்ன, டிப்போவுக்குப் போனா மறந்துடும். நான்தானே நாலு சுவத்துக்குள்ள கெடக்கறேன்" என்று கேட்டேவிட்டேன். அதற்கும் தலையை ஆட்டினார். நான் திரும்பி வருகிறபோதெல்லாம் குளியலறைத் தரை ஈரமாக இருக்கும். சாவகாசமாகக் குளியல் வேறு நடக்கிறது என்று அதற்கும் எரிச்சல்தான்.

வெயில் ஏறத் தொடங்கியதும் ஏசி ஒழுக ஆரம்பித்தது. முதலில் சுவரில் ஒரு ஈரக்கோடு. கோடுதானே என்று விட்டுவிட்டேன். அந்தக் கோடு இறங்குகிற ஓரத்தில்தான் அவள் துணி அலமாரி இருக்கிறது. ஒருநாள் அலமாரியைத் திறந்தால் குப்பென்று ஒரு பூஞ்சை நெடி. பின்பலகை ஊறி உப்பியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவள் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டையின் தோள்பட்டையில் கறுப்புப் புள்ளிகள் பூத்திருந்தன. துடைத்தேன், போகவில்லை. வெயிலில் காயவைத்தேன், போகவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஏசியை நிறுத்தினால் அந்த வாசனை இல்லை. ஓட்டினால் துணியெல்லாம் அழுகும். ஆளைக் கூப்பிட்டால் அவன் முதலில் கை வைப்பது ஃபில்டரில்தான். துணியை வேறு இடத்தில் வைக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவள் மடித்து அடுக்கிய வரிசையைக் கலைக்க எனக்குக் கை வரவில்லை. ஒரு வாரம் இப்படியே மனதுக்குள் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் ஆளைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தேன். ஃபில்டரை மட்டும் பத்திரமாக வாங்கி எடுத்து வைத்துக்கொண்டால் போயிற்று. அவளுடைய தலையணை உறையைத் தேடி எடுத்தேன். அதற்குள் வைத்துவிட்டால் ஒரு துளிகூடச் சிந்தாது.

வந்த ஏசிக்காரர் நடுத்தர வயதுக்காரர். சட்டைப் பை முழுக்க ஸ்குரூ. மிஷினோடு பேசுகிற வழக்கம் அவருக்கு. உள்ளே வந்ததும் ஏசியை அண்ணாந்து பார்த்து, "என்னடா பண்ணுது உனக்கு? ஏன் அழுதுகிட்டு இருக்கே?" என்றார். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"சர்வீஸ் பண்ணி எவ்வளவு நாளாச்சும்மா?"

"பண்ணலை."

"ஆன் பண்ணா ஒரு மாதிரி வாடை அடிக்குமே?"

"வாடையெல்லாம் ஒண்ணும் அடிக்காது" என்றேன். வெடுக்கென்று வந்துவிட்டது. வாடையாம். "தண்ணி ஒழுகறதை மட்டும் நிறுத்திக் குடுங்க. ஃபில்டரைத் தொட வேண்டாம்."

அவர் சிரித்தார். "நல்லா இருக்கே. சட்டையைக் கழட்டாம நெஞ்சைப் பாருன்னு டாக்டர்கிட்ட சொல்ற மாதிரி இருக்கும்மா. ஃபில்டரைக் கழட்டினாத்தான் உள்ள என்ன இருக்குன்னே தெரியும்."

"ஃபில்டர் சுத்தமாத்தான் இருக்கும். நீங்க பைப்பை மட்டும் பாருங்க."

சொன்னது என் வீட்டுக்காரர். அன்றைக்கு அவருக்கு விடுமுறை. ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர், எப்போது எழுந்து வந்தார் என்று தெரியாது, அறை வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேனே தவிர, அந்த நேரத்தில் எனக்கு வேறொன்றும் உறைக்கவில்லை.

தலையணை உறையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஏசிக்குக் கீழே நின்றேன். "சரி, கழட்டுங்க. ஆனா தட்டக்கூடாது, அசைக்கக்கூடாது. அப்படியே இதுக்குள்ள வெச்சிடுங்க." ஏசிக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறி, முன்மூடியைத் தூக்கி, பிறந்த குழந்தையை எடுப்பது போல வலையை இரண்டு கையாலும் உருவினார். உருவியவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"அட, யாரும்மா கழுவறது? கடையில இருந்து வந்த மாதிரி இருக்கே."

வலைக்குப் பின்னால் ஜன்னல் கம்பி ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிந்தது. எதிர்வீட்டு மாடியில் காய்கிற துணிகூடத் தெரிந்தது.

"யாரும் கழுவலை" என்றேன்.

"இல்லம்மா, கழுவியிருக்கு. இந்த வாரம்தான் கழுவியிருக்கு. இங்க பாருங்க, மூலையில சோப்புகூட சரியா அலசலை."

அடுத்த வலையையும் உருவினார். அதுவும் அப்படியேதான் இருந்தது. விரித்துப் பிடித்த தலையணை உறையில் வைக்க ஒன்றுமே இல்லை. ஈரமான தரை, பேப்பர், "நீ போயிட்டு வா", எல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து நின்றது. திரும்பினேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"நீங்களா?"

தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு அர்த்தம் எனக்கு உடனே புரிந்தது.

"யாரும் தொடக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? எத்தனை தடவை சொன்னேன்?"

"ஞாயித்துக்கிழமை ஆனா அவ கூப்பிடற மாதிரியே இருக்கு" என்றார். குரல் தரையைப் பார்த்தே வந்தது. "அவ வேலை அது. போட்டது போட்டபடி விட்டா கோவிச்சுக்குவா. அப்புறம்… நீ தெனமும் மத்தியானம் போடறேன்னு தெரியும். கழுவின வலையில ஒரு வாரத்துல தூசி வருதே. அடைச்சுக்கிட்டா உனக்குக் காத்து சரியா வராது. அதான்."

வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் நெஞ்சு கரைந்திருக்கும். எனக்கு அப்போது வெறிதான் வந்தது. மாதக்கணக்காக நான் கண்ணில் வைத்துக் காத்தது, கடைசியாக இருந்தது, அதைப் போய் இந்த மனிதர் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார்.

"அதுலதாங்க அவ இருந்தா!" என்று கத்தினேன். "தூசியில்லை, நாமதான்னு சொன்னாளே, உங்க முன்னாடிதானே சொன்னா? அவ முடி, அவ தோலு, மிச்சம் இருந்தது அது ஒண்ணுதானே? அதையும் கழுவிச் சாக்கடையில விட்டுட்டீங்களே!"

சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. அவருக்கு அந்தச் சிரிப்பு நினைவு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். வாசலைத் தாண்டி உள்ளே வந்து அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார்.

"நானா? இந்தக் கையாலயா?" என்றார். "முதல் ஞாயித்துக்கிழமை நெறைய இருந்துச்சு. பிரஷ்ஷை வெச்சுத் தேய்ச்சேன். தண்ணியை வேகமாத் திறந்து விட்டேன். ஐயோ, நானே விட்டுட்டேனே."

அதற்குப் பிறகு அவர் அழுதார். ஆஸ்பத்திரியில் அழாதவர், அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அன்றும் அழாதவர், வாயைக் கையால் பொத்திக்கொண்டும் அடங்காமல் அழுதார். இந்த மனிதர் ஒருநாள் அழமாட்டாரா என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன். அழுதபோது என்னால் பார்க்க முடியவில்லை. என் வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்கக்கூடாதா என்றிருந்தது. மகளோடு சேர்ந்து செய்த வேலையை விடாமல் செய்துகொண்டு, அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடியிருக்கிறார். அதை நான் ஒரே வார்த்தையில் பறித்துவிட்டேன்.

பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்து இறக்கினேன். "போதும், விடுங்க. எனக்கு மட்டும் என்ன தெரிஞ்சுது? சொல்லியிருக்கணும், நானும் சொல்லலை."

ஏசிக்காரர் ஏணியில் அப்படியே நின்றிருந்தார். கதவுக்குப் பின்னால் தொங்கிய கைப்பையைப் பார்த்தார், அடையாள அட்டையிலிருந்த படத்தைப் பார்த்தார். அவருக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. மிஷினோடு பேசுகிற குரலை விட்டுவிட்டுத் தணிவாகச் சொன்னார்.

"சார், ஃபில்டருங்கறது வெறும் வலைதான். பெருசா இருக்கறதைத்தான் பிடிக்கும். மீதியெல்லாம் உள்ள போயிடும். இத்தனை வருஷமா போனது உள்ளதான் இருக்கு. அதுதான் இறங்கி பைப்பை அடைச்சிருக்கு. பார்க்கறீங்களா?"

நான் எழுந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினேன். யோசிக்காமலே என் வீட்டுக்காரர் கீழே உட்கார்ந்து ஸ்டூலின் கால்களைப் பிடித்துக்கொண்டார். ஏசிக்காரர் டார்ச்சை உள்ளே அடித்தார். காற்றைத் தள்ளுகிற நீளமான உருளை ஒன்று உள்ளே இருக்கிறது. அதன் இதழ்களில் சாம்பல் நிறத்தில் தடித்து ஒட்டியிருந்தது. ஒரு ஓரத்தில் முடி சுற்றிக்கொண்டிருந்தது. குட்டை முடியும் இருந்தது, நீளமானதும் இருந்தது. குட்டையானது யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. நீளமானதை உற்று உற்றுப் பார்த்தேன். எனக்கும் அவளுக்கும் ஒரே நீளம், ஒரே அடர்த்தி. "உன் முடியைத்தான்மா எனக்குக் குடுத்திருக்கே, மூக்கையாவது அப்பாகிட்ட வாங்கியிருக்கலாம்" என்பாள். அது அவளுடையதா, என்னுடையதா? பெற்றவளுக்குத் தெரியவில்லை.

"இதைக் கழுவித்தான் ஆகணுமா?" என்று கேட்டேன்.

"கழுவலைன்னா ஒழுகறது நிக்காதும்மா. பைப்பை மட்டும் ஊதி விடலாம். திரும்பவும் இதுவே இறங்கி அடைச்சுக்கும். ஆனா அவசரம் ஒண்ணும் இல்லை. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க, நான் இன்னொரு நாள்கூட வர்றேன்."

நான் அலமாரியைப் பார்த்தேன். நீலச் சட்டையை நினைத்தேன். அதையாவது மிச்சம் வைக்க வேண்டாமா? கீழே என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் இந்தத் தடவை தலையைக்கூட ஆட்டவில்லை. ஸ்டூலை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கழுவிடுங்க" என்றேன்.

ஏசிக்காரர் மிஷினுக்குக் கீழே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைக் கட்டினார். அதன் முனைக் குழாயை எங்கள் வாளிக்குள் விட்டார். கையோடு கொண்டுவந்த சிறிய மோட்டாரைப் போட்டு, துப்பாக்கி போன்ற ஒன்றால் உள்ளே தண்ணீரைப் பீய்ச்சினார். முதலில் வந்த தண்ணீர் மை மாதிரி இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து வாளியையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாளி நிறைய நிறைய நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் குழாயிலிருந்து வெறும் தண்ணீர்தான் வந்தது.

பையை அவிழ்த்துவிட்டு, எப்போதும் எல்லா வீட்டிலும் செய்கிற மாதிரி, அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் நடந்தார்.

"வேண்டாம்!"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கத்தினோம். அவர் அப்படியே வாளியை இறக்கி வைத்தார். பிறகு அவரே அதைத் தளும்பாமல் பால்கனிக்குக் கொண்டுபோய், நிழலான மூலையாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, "ரெண்டு நாளைக்கு சோப்பு வாசனை இருக்கும்மா. அப்புறம் போயிடும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அவர் போனதும் கதவைச் சாத்தினேன். என் வீட்டுக்காரர் வெளியே போகாமல் நின்றார். முதல் தடவையாக அவரை வைத்துக்கொண்டே ஏசியைப் போட்டேன். நல்ல காற்று. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒழுங்கான குளிர். மூச்சை இழுத்துக்கொண்டு நின்றேன். சோப்பு வாசனை வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். வேறெதுவும் வரவில்லை.

"வாசனை போயிடுச்சுங்க" என்றேன்.

"தெரியுது" என்றார். "ஞாயித்துக்கிழமை வலையைக் கழட்டும்போது எனக்கும் வரும்."

இத்தனை மாதமாக ஒரே வீட்டில், ஒரே வாசனையை, ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் முகர்ந்துகொண்டிருந்திருக்கிறோம். இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற அன்று அது இல்லை. நான் ஏசியை நிறுத்தினேன்.

சுவரில் ஈரம் காய்ந்தது. நீலச் சட்டையின் புள்ளிகள் போகவில்லை, ஆனால் பரவவும் இல்லை. பால்கனி வாளியைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. தூசி விழாமல் என் வீட்டுக்காரர் ஒரு தட்டைப் போட்டு மூடியிருந்தார். தூசியிலிருந்து தூசியைக் காப்பாற்ற ஒரு தட்டு. அவள் இருந்திருந்தால் அதைச் சொல்லியே எங்களை ஒரு வாரம் ஓட்டியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கம் போல் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனேன். செருப்பில் காலை நுழைத்துவிட்டு நின்றேன். பிறகு பையை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் அறை வாசலில் ஸ்டூலைக் கையில் பிடித்துக்கொண்டு, திருடப் போய் மாட்டிக்கொண்டவர் மாதிரி விழித்தார்.

"போகலையா?"

"போன வாரம் வாங்கினதே கெடக்குது. ஏறுங்க, நான் பிடிக்கறேன்."

ஸ்டூலைப் போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் கீழே உட்கார்ந்து கால்களைப் பிடித்தேன். "சித்தாள் பிடிச்சுக்கிட்டேன். ஏறுங்க மேஸ்திரி" என்றேன். கேலியாகச் சொல்லத்தான் பார்த்தேன். கேலியாக வரவில்லை.

"நான் மேஸ்திரி இல்லை" என்றார் அவர். "நானும் சித்தாள்தான்."

ஏறினார். ஸ்டூல் ஒரு பக்கமாக ஆடியது. இத்தனை நாள் யாரும் பிடிக்காமல் எப்படி ஏறினாரோ என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன். வலை இரண்டையும் உருவிக்கொண்டு இறங்கினார். குளியலறைக்குப் போனோம். பிரஷ், சோப்பு எல்லாம் வாஷ்பேசினுக்குப் பின்னால் ஒரு டப்பாவில் ஒளித்து வைத்திருந்தார். வெளியே எடுத்து வைத்துவிட்டு, குழாயைத் திறக்காமல் வலையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

ஒரு வாரத் தூசிதான். மெல்லிசாக, ஆடை படிந்த மாதிரி இருந்தது. அவர் நெடுநேரம் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"உள்ள இருந்ததெல்லாம் போயாச்சு" என்றார். "இதுல நாம ரெண்டு பேர் மட்டும்தான் இருக்கோம்."

அவருக்குக் கை எழவில்லை. குழாயை நான்தான் திறந்தேன்.